மதகடியாளின் கனம்

நான் வேலை பார்த்த மியூசியத்திலிருந்து இரண்டு பேர் போன மாதம் பாபநாசத்தில் என் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது அங்கே ஸ்டோரைப் பார்த்துக்கொள்பவர்கள். ஓய்வு பெற்றவனைத் தேடி ஆள் வந்தால் ஒன்று கல்யாணப் பத்திரிகையாக இருக்கும், இல்லையென்றால் ஏதாவது சாவி காணாமல் போயிருக்கும். இவர்கள் ஒரு செல்போனை நீட்டினார்கள்.

ஆப்பிரிக்காவில் எடோ என்று ஒரு ஜனங்களாம். மரத்தில் செதுக்கித் தங்கள் கோயில்களில் வைத்துக் கும்பிட்ட உருவங்களை, வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் எடுத்துப் போய் அவன் ஊர் மியூசியங்களில் கண்ணாடிக்குள் நிறுத்தியிருக்கிறான். இப்போது அந்த ஜனங்கள் திரும்பக் கேட்கிறார்களாம். படத்தில் இருந்த உருவம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது. தோளிலிருந்து இடுப்பு வரை ஒரு வெடிப்பு. எந்தத் தேசத்து மரமானாலும் காய்ந்தால் அப்படித்தான் வெடிக்கும்.

“நம்ம மியூசியத்துலயும் இப்படி ஒரு ஊர்க்காரங்க வந்தாங்களாமே? நீங்கதான் தூக்கினீங்களாமே ஐயா?”

“நான்தான் தூக்கினேன். ஒரே நாள்ல ரெண்டு தடவ.”

அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். பேச்சை வேண்டுமானால் திருத்திக்கொள், நடந்ததைத் திருத்தாதே என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

பள்ளிக்கூடத்துப் பக்கம் நான் போனதில்லை. பூதலூர் ரயிலடியில் நெல் மூட்டை தூக்கினேன். திருவிழாவில் சாமி தூக்கினேன். இரண்டும் ஒன்றல்ல. மூட்டை நம் மேல் படுத்துக்கொள்ளும், நாம் நடந்தால் போதும். சாமி படுக்காது, நின்றுகொண்டேதான் வரும், அதற்குத் தகுந்தபடி நாம்தான் வளைய வேண்டும். மியூசியத்தில் ஒரு கல் நந்தியை நகர்த்த ஆள் வேண்டுமென்று எங்களில் நாலு பேரைக் கூட்டிப்போனார்கள். மற்ற மூன்று பேர் சாயங்காலமே திரும்பிவிட்டார்கள். நான் ஓய்வு பெற்றுத்தான் திரும்பினேன். நடுவில் தினக்கூலி, நிரந்தரம், யூனியன் எல்லாம் எல்லோருக்கும் போல எனக்கும் நடந்தது.

அதிகாரிகள் பலர் வந்தார்கள். கடைசியாக வந்தவர் ஒரு அம்மா. காப்பாட்சியர். நாகர்கோவில் பக்கத்துக்காரர். நாங்கள் மேடம் என்றுதான் கூப்பிடுவோம். ஒல்லியாக, எப்போதும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். ஒரு சிலையின் முன்னால் நின்றால் அந்தச் சிலையே முதலில் பேசட்டும் என்று காத்திருப்பவர் போல நிற்பார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் குரல் இன்னும் இறங்கும். சரியாகக் கேட்பதற்காக நாம் பக்கத்தில் போக வேண்டியிருக்கும். அதுவே தண்டனைதான்.

அவர் வந்த புதிதில் ஒரு வாகனத்தை இடம் மாற்றச் சொன்னார். நான் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தேன்.

“இருங்க. மொதல்ல வெறுங்கையோட அந்தக் கோடி வரைக்கும் நடந்து காட்டுங்க.”

எனக்குச் சிரிப்பு வந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்ட மாதிரி நடந்து காட்டினேன். வாசற்படியில் கால் இடித்தது. “பாத்தீங்களா?” என்றார், அவ்வளவுதான். அன்றைக்குப் பிறகு வெறுங்கையோடு நடந்து பார்க்காமல் நான் எதையும் தூக்கியதில்லை. கையில் மோதிரம் கூடாது, சட்டைப் பையில் பேனா கூடாது, இடுப்பில் சாவிக்கொத்து கூடாது. உருவத்தின் கையையோ தலையையோ பிடித்துத் தூக்கக் கூடாது, அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. மரம் என்றால், எடுத்ததும் அது நின்ற இடத்தைப் பார்க்க வேண்டும். மாவு மாதிரித் தூள் கிடந்தால் உள்ளே பூச்சி இருக்கிறது. அதைத் துடைத்துவிட்டுப் போகிற ஆளை மேடம் மன்னிக்கவே மாட்டார். அந்தத் தூள்தான் அவருக்கு வேண்டும்.

எங்கள் ஸ்டோரில் மர உருவங்கள் நிறைய உண்டு. தேரில் இருந்து கழன்ற பொம்மைகள், யாளி, வாகனத்தின் தலை மட்டும், உடம்பு மட்டும். அவற்றில் இடுப்பு உயரத்தில் ஒரு அம்மன். இலுப்பை மரம். உட்கார்ந்த கோலம் இல்லை, நின்ற கோலம். வலது கை தொடைமேல், இடது கை முன்னால் நீட்டி மூடிய முஷ்டி. முழுக்கச் சிவப்பு பூசி, அது கறுத்துப் போயிருந்தது. கீழே சீட்டில் ‘கிராம தேவதை, மரம், தஞ்சாவூர் ஜில்லா’ என்று இருக்கும் என்பார்கள். பெயர் கிடையாது. ஜில்லா முழுக்கத் தேடினால் கிடைப்பாள் என்கிற மாதிரி.

வருஷத்துக்கு ஒரு தடவை மர உருவங்களை எல்லாம் பூச்சிக்குப் புகை போடுகிற பெட்டிக்குக் கொண்டுபோவோம். மற்றதற்கெல்லாம் இரண்டு ஆள். இந்த அம்மனை மட்டும் நான் தனியாகத் தூக்குவேன். இரண்டு பேர் பிடித்தால் கனம் பங்காகிவிடும், உருவம் எந்தப் பக்கம் சாயப் பார்க்கிறது என்று தெரியாமல் போகும். இவள் இடது பக்கம் சாய்வாள். மேடம் ஒருமுறை நின்று பார்த்துவிட்டு, “இவங்களுக்கும் உங்களுக்கும் பழகிப் போச்சு, அப்படியே செய்ங்க” என்று விட்டுவிட்டார்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள். நீடாமங்கலத்துக்குத் தெற்கே, வெண்ணாற்றங்கரை. மூன்று பேர். பூசாரி சிங்காரம், நாற்பது வயதிருக்கும், எதற்கும் பயந்த முகம். வடக்குத் தெருவின் சார்பில் வைத்தியலிங்கம் என்று ஒரு பெரியவர். தெற்குத் தெருவின் சார்பில் அஞ்சலை என்று ஒரு அம்மாள். அந்த அம்மாளுக்கு வயது தெரியாது, வாய் தெரியும். சிங்காரம் ஒரு வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து மேடம் மேசைமேல் வைத்தார். உள்ளே முக்கோணமாக ஒரு களிமண் கட்டி.

“எங்க கோயில் கல்லுல இருக்கற குழியோட அச்சுங்கம்மா. உங்ககிட்ட இருக்கற அம்மனோட பாதத்துக்குக் கீழ குழியில சொருகற முளை இதே மாதிரி இருந்தா, அவதான் எங்க மதகடியா.”

மேடம் என்னைப் பார்த்தார். அம்மனைக் கொண்டுவந்து மெத்தைத் துணியில் சாய்த்தேன். முளை முக்கோணம். அச்சோடு வைத்துப் பார்த்தால் மூலைக்கு மூலை ஒத்துப்போனது. வைத்தியலிங்கம் துண்டை இடுப்புக்கு இறக்கிவிட்டார். அஞ்சலை அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“எப்படிங்க இங்க வந்தாங்க?” என்று மேடம் கேட்டார்.

“எல்லாம் தேரு எந்தத் தெருவுக்கு மொதல்ல வரணும்ங்கற சண்டைதான்” என்றார் வைத்தியலிங்கம். “இந்தம்மாவோட தாத்தா எங்க பெரிய தாத்தாவோட மண்டைய ஒடச்சுட்டாரு.”

“ஒடையற மாதிரி மண்டைய வச்சுக்கிட்டு முன்னாடி வந்து நின்னா?” என்றார் அஞ்சலை அம்மாள்.

வழக்கு நடந்திருக்கிறது. தீர்ப்பு வரும்வரை எந்தத் தெருவுக்கும் கிடையாது என்று அன்றைய துரை அம்மனையே ஜப்தி பண்ணி மாட்டு வண்டியில் ஏற்றிவிட்டான். வழக்கு தீர்ந்தது. அம்மன் வரவில்லை. துரைக்கு மியூசியத்துக்குப் பொருள் சேர்த்துக் கொடுக்கிற ஆசை இருந்திருக்கிறது. மதராசுக்கு அனுப்பிவிட்டான். பிற்பாடு அங்கிருந்து எங்கள் இடத்துக்கு. அவள் போனதைக் கண்ணெதிரே பார்த்தவர்கள் யாரும் இப்போது ஊரில் இல்லை. வெறும் குழிக்குள் ஒரு சூலத்தை நட்டு இத்தனை காலமும் கும்பிட்டிருக்கிறார்கள். தெருவுக்கு ஒரு நாள் என்று தனித்தனியாக.

இப்போது இரண்டு தெருவும் சேர்ந்து கோயிலை எடுத்துக் கட்டியிருந்தார்கள். துபாய்க்குப் போன பிள்ளைகள் முனைந்து செய்ததாம். நீடாமங்கலத்தில் மரக்கடை வைத்திருக்கும் ராவுத்தர் ஒருவர் இலுப்பை மரம் கொடுத்திருக்கிறார். புது அம்மன் செதுக்கி முடித்தாகிவிட்டது. கண் மட்டும் திறக்கவில்லை.

“பழசக் கேட்டு சர்க்காருக்கு எழுதிப் பாத்தாச்சும்மா. பதில் இல்ல” என்றார் சிங்காரம். “மரத்த நீங்களே வச்சுக்குங்க. அவளத் தண்ணியில எறக்கி எடுத்துக்கிட்டுப் போயிர்றோம்.”

மரத்தில் செய்த சாமி பழுதானால், அதிலிருந்து மஞ்சள் நூல் கட்டிக் கும்பத்துத் தண்ணீருக்கு இறக்கி, புது உருவத்தில் ஊற்றுவது எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் உண்டு. ஆனால் இவர்கள் ஊரில் இன்னொன்றும் உண்டு. இறக்கிய பிறகு ஒரு ஆள் பழைய மரத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டும். கனம் குறைந்திருந்தால் அவள் வந்துவிட்டாள். குறையவில்லை என்றால் இன்னும் உள்ளேயே இருக்கிறாள்.

“தூக்கறது எங்க ஊர் ஆளா இருக்கக் கூடாதுங்க. வடக்குத் தெருக்காரன் தூக்கினா தெக்குத் தெரு நம்பாது. இவங்க தூக்கினா அவங்க நம்ப மாட்டாங்க. முன்னாடியே அவளத் தூக்கிப் பழகுன வெளி ஆளு வேணும்.”

அறையில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“தூக்கிருவேன்” என்றேன். “ஆனா இருக்கறதத்தான் சொல்வேன்.”

“அதத்தாண்ணே கேக்கறோம்” என்றார் சிங்காரம். “இது தப்பிப்போச்சுன்னா கும்பாபிஷேகம் கெடையாது. அதுக்கப்புறம் எங்க ஊரு எப்பவும் ரெண்டு ஊருதான்.”

மேடம் எழுந்து ஜன்னல் வழியாக முற்றத்தைப் பார்த்தார். பிறகு அவருடைய இறங்கின குரலில் சொன்னார்: “மரத்துப் பக்கத்துல தண்ணி வரக் கூடாது. எண்ணெய் கூடாது. நெருப்பு, சூடம், ஊதுபத்தி எதுவும் கூடாது. இது என் கையில இல்ல, விதி. நூலப் பத்தி விதியில ஒண்ணும் சொல்லல.”

“அப்ப?” என்றார் அஞ்சலை அம்மாள்.

“அம்மன் உள்ள நிக்கட்டும். கும்பம் வெளிய முற்றத்துல இருக்கட்டும். நூல் ஜன்னல் வழியா போகட்டும். எவ்வளவு நீளம் வேணும்னாலும் விடுங்க.”

சிங்காரம் யோசித்தார். “நீளத்துக்கு அவ பயப்பட மாட்டா” என்றார்.

மியூசியத்துக்கு விடுமுறை நாளில் வந்தார்கள். மேலதிகாரியிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டார் மேடம். என்ன பேசினார் என்று எங்களிடம் சொல்லவில்லை. அம்மனை ஜன்னலுக்கு உள்பக்கமாகத் துணி விரித்த மேடையில் நிறுத்தினேன். அதற்கு முன்னாலேயே ஒரு தடவை தூக்கி நிதானம் பார்த்துக்கொண்டேன். எப்போதும் போல, ஒரு நெல் மூட்டைக்குக் கொஞ்சம் கீழே, இடது பக்கச் சாய்வு. சிங்காரம் குளித்து ஈர வேட்டியோடு வந்தவர், அப்படியே உள்ளே வர வேண்டாம் என்று மேடம் சொன்னதால் வைத்தியலிங்கத்தின் வேட்டியை வாங்கிக் கட்டிக்கொண்டார். வைத்தியலிங்கம் துண்டோடு முற்றத்தில் நின்றார். “வடக்குத் தெரு இன்னிக்குத்தான் ஊருக்கு ஒண்ணு குடுத்திருக்கு” என்றார் அஞ்சலை அம்மாள்.

மஞ்சள் நூலை அம்மனின் இடது மணிக்கட்டில் கட்டினார்கள். அது ஜன்னல் கம்பிக்குள் புகுந்து முற்றத்தைத் தாண்டி வேப்பிலை வைத்த கும்பத்தின் கழுத்தில் போய்ச் சுற்றியது. நூல் ஒரு இடத்திலும் தரையைத் தொடவில்லை. வெளியே சிங்காரம் உடுக்கை அடித்து அழைத்தார். பயந்த முகம் என்றேனே, உடுக்கையை எடுத்ததும் அந்த முகம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. மேடம் உள்ளே என் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உடுக்கை நின்றது. நூலை அறுத்தார்கள்.

“அண்ணே, தூக்குங்க.”

அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை. தூக்கினேன். ஜன்னலில் மூன்று முகங்கள். வைத்துவிட்டு இன்னொரு முறை தூக்கினேன்.

“அப்படியேதான் இருக்கா. கொஞ்சமும் கொறையல.”

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“உங்க தெருவுலேர்ந்து எவனோ தீட்டோட காப்பு நூல்ல கை வச்சிருக்கான்!” என்றார் வைத்தியலிங்கம்.

“வேட்டி யாருதுன்னு பாத்துட்டுப் பேசுங்க! தீட்டாம்ல!”

“தாத்தன் புத்தி பேத்திக்கு.”

“ஆமாய்யா, மண்டையக் காட்டு!”

சிங்காரம் மட்டும் கும்பத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். “அவளுக்கு எங்க மேல கோவம்” என்றார். “அனுப்பிட்டு இத்தன காலம் கழிச்சு வந்து வான்னா வருவாளா?” அந்த ஆளைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் இந்நேரம் சிரித்துக்கொண்டு வேன் ஏறியிருப்பார்கள். ஆனால் கனத்தில் நான் பொய் சொன்னதில்லை. கூலிக்கு மூட்டை தூக்கின காலத்திலேயே சொன்னதில்லை.

மேடம் அம்மனிடம் குனிந்தார். அறுந்த நூலின் முடிச்சைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்குப் போனார். சண்டை போட்டவர்கள் அவர் என்ன சொல்கிறார் என்று கேட்க வாயை மூடிக்கொண்டு கிட்டே வர வேண்டியதாயிற்று.

“நூல ஏன் இந்தக் கையில கட்டினீங்க?”

“பொம்பளத் தெய்வத்துக்கு எடது கையிலதானேம்மா காப்பு.”

“அது சரி. ஆனா இந்த எடது கை அவங்க கை இல்ல. எங்க கை.”

ஒருவருக்கும் புரியவில்லை, எனக்கும்தான். மேடம் விளக்கிச் சொன்னார். மதராசுக்குப் போனபோதே அம்மனுக்கு இடது கை இல்லை, வண்டியில் ஒடிந்ததோ அதற்கு முன்போ தெரியாது. ஊனமான உருவத்தை நிறுத்தினால் பார்க்க நன்றாக இருக்காது என்று அங்கே ஒரு தச்சரை வைத்துத் தேக்கில் ஒரு கை செய்து, இரும்புப் போல்ட் போட்டு முடுக்கி, மேலே அதே சிவப்பைப் பூசிவிட்டார்கள். தேக்கு கனம் கம்மிதான், ஆனால் அந்த இரும்புதான் இவளை இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. இரும்பு துருப்பிடித்து இலுப்பையைத் தின்கிறது, கையைக் கழற்றிவிட வேண்டும் என்று மேடம் முன்பே மேலதிகாரிகளிடம் சொல்லி, ஒத்துக்கொள்ளவும் வைத்திருந்தார்.

“அப்ப நாங்க மெட்ராஸ் தச்சன்கிட்டேர்ந்தா அம்மன எறக்கப் பாத்தோம்?” என்றார் வைத்தியலிங்கம்.

அஞ்சலை அம்மாள்தான் முதலில் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். “அவனாவது வந்தானா பாரு.”

“கோவிந்தசாமி, அந்தக் கையக் கழட்டுங்க” என்றார் மேடம்.

போல்ட் லேசில் விடவில்லை. மரத்தில் உளி படாமல், அட்டையைச் செருகி, திருகு திருகாக எடுத்தேன். கை என் கையோடு வந்தது. மேசையில் வெள்ளைத் துணியில் வைத்தேன். தோளில் பழைய வெட்டு முகம் தெரிந்தது. சிவப்பு இல்லை, வெறும் மரம், கருப்பட்டி நிறம். சிங்காரம் உள்ளே வந்தார். அந்தத் தோளை வெறும் விரலால் தொட்டார், மேடம் தடுக்கவில்லை. புது நூலைத் தோளைச் சுற்றிக் கட்டினார். மறுபடியும் ஜன்னல், முற்றம், கும்பம், உடுக்கை. இந்த முறை உடுக்கை சீக்கிரமே நின்றுவிட்டது, கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டவர் போல.

நூலை அறுத்தார்கள். தூக்கினேன். இறக்கினேன். தூக்கினேன்.

“கொறஞ்சிருக்கு” என்றேன்.

“நிச்சயமாவா?” என்றார் வைத்தியலிங்கம்.

“மொதல்ல இல்லேன்னு சொன்ன ஆளுய்யா அவரு” என்று அஞ்சலை அம்மாள் அவரை அதட்டினார். “இப்ப எதுக்குப் பொய் சொல்லப் போறாரு? குடத்தத் தூக்கு. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.” அப்படியே குலவை போட்டுக்கொண்டு, வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் ஆளுக்கொரு கை கொடுத்து அந்தக் கும்பத்தைச் சிந்தாமல் வேன் வரைக்கும் கொண்டுபோனார்கள். வைத்தியலிங்கம் துண்டோடுதான் போனார்.

சிங்காரம் கடைசியாக உள்ளே வந்தார். மேசைமேல் கிடந்த கையைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன், கேட்கவில்லை. “இனிமே இது மரம்ங்கம்மா. உங்க விருப்பம். நிக்க மட்டும் வைக்காதீங்க, படுக்க வைங்க” என்று கும்பிட்டுவிட்டுப் போனார். திரும்பிப் பார்க்கவே இல்லை. கும்பாபிஷேகம் நடந்தது. நானும் போயிருந்தேன். இரண்டு தெருவுக்கும் பொதுவான பாதையில் புது அம்மன் வந்தாள்.

அன்று எல்லோரும் போன பிறகு மெத்தைத் துணி விரித்து அம்மனை மல்லாக்கப் படுக்க வைத்தேன். மேடம் பக்கத்தில் நின்றார். குரல் ரொம்ப இறங்கியிருந்தது, கோபத்தில் இல்லை.

“கோவிந்தசாமி, கையக் கழட்டினதாலதானே கொறஞ்சுது?”

“கையக் கழட்டி மேசையில வச்சது நான்தானே மேடம். அது எவ்வளவு கனம்னு எனக்குத் தெரியும். அந்தப் போல்டோட சேத்து அதக் கழிச்சுட்டுத்தான் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுக் குனிந்து, அடியில் ஒரு கை, முதுகில் ஒரு கை கொடுத்தார். கொஞ்சம் எழுப்பினார். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தார்.

“நீங்க இதுக்கு முன்னாடி தூக்கினதில்லையே மேடம்” என்றேன். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தெரியாது” என்றார். ஆனால் உடனே கீழே வைக்கவில்லை.